மெதுவா எறங்குன ஜீப்பு

கம்பம் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருந்தப்பதான் போன் வந்துச்சு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன நம்ம டிரைவர் சிக்கந்தர் மாமா, மலை மேலயே நெஞ்சுவலி வந்து மௌத்தாயிட்டாக. ஜீப்பை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் சாஞ்சிருக்காக. உள்ள இருந்த பொம்பளையாளுகளுக்கு ஒரு கீறல் இல்ல.

ஸ்டாண்டு சார்பா மாமாவுக்கு இரங்கல் எழுத என்னையச் சொல்லிட்டீக. காலேஜைப் பாதியில விட்டவன், பூசி மெழுகத் தெரியாது. மாமா பீடி கேட்டா பாதிதான் குடுப்பாக. உயிரைக் கேட்டா முழுசாக் குடுப்பாக.

ஒருநாள் பேப்பர்ல ஒரு படத்தை மாமா காட்டுனாக. பெரிய பிளேன் முதுகுல இன்னொரு பிளேன்.

"என்ன மாப்ள, உப்புமூட்டை தூக்குது?"

வாசிச்சுச் சொன்னேன். மேல இருக்கறது விண்வெளி ஓடம். எறங்குன ஊர்ல இருந்து தன் எடத்துக்குத் தானாப் பறந்து போக முடியாது. அதுக்குன்னே ஒரு பிளேன்ல சீட்டையெல்லாம் கழட்டி, முதுகுல மாட்டித் தூக்கிட்டுப் போறாக. மழைன்னா ஒதுங்கி, அங்கங்க நின்னு போகுமாம்.

மாமா சிரிச்சாக. "ஆகாசத்துக்கே போனவனையும் வீட்டுல கொண்டாந்து விட ஒருத்தன் வேணும்ல? தூக்குறவன் பறக்கக் கூடாது மாப்ள." என்னையக் குத்தித்தான் சொன்னாக. வளைவுல நான் ஓட்டுற லட்சணம் அப்படி. படத்தை வெட்டி அவுக ஜீப்புல ஒட்டிட்டாக.

அப்புறம் என் ஜீப்பு மலையில படுத்துச்சு. மாமா காலியா வந்த ஒரு வாழைத்தார் லாரியை நிப்பாட்டி, அதோட பின்பக்கத்தை மண்மேட்டுல முட்டுக்குடுத்து, என் வண்டியை அதுமேல ஏத்தி ஸ்டாண்டுக்குள்ள கொண்டாந்தாக. "ஏலே, ஓடம் வந்திருச்சுடோய்!"னு நீங்கதான் கத்துனீக. எனக்கு அந்தப் பேரு இன்னும் போகல.

மாமா மௌத்தான அன்னைக்கு அவுக தம்பியக் கூட்டிட்டு நான்தான் மேல போனேன். மாமா ஜீப்போட பின்சீட்டைக் கழட்டி, மெத்தை போட்டு, படுக்க வச்சோம்.

"வெரசாப் போப்பா. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள அடக்கணும்."

பாதி மலையில மழை. ஜீப்புக்குத் தார்ப்பாய்தான், சாரல் உள்ள அடிக்கும். தோட்டத்து ஷெட்டுல ஒதுங்கி நிப்பாட்டிட்டேன்.

"என்னப்பா நின்னுட்ட? அங்கன எல்லாரும் காத்திருக்காக!"

"மழை விடட்டும் சின்ன மாமா. தூக்கிட்டுப் போறோம்ல."

வஞ்சாக. அப்புறம் அந்தப் படத்தைப் பாத்தாக. எறங்கி, தார்ப்பாயை இழுத்துக் கட்டுனாக.

அஸர் தாண்டிருச்சு. வீட்டுல அத்தை, மாமாவோட நெத்தியத் தொட்டுப் பாத்தாக. "இம்புட்டு மழையில ஒரு சொட்டு நனையாமக் கொண்டாந்துட்டியேடா"ன்னு என் கையப் புடிச்சு அழுதாக.

படத்தைக் கேட்டு வாங்கிட்டேன். இப்ப என் ஜீப்புல இருக்கு. மலையில எறங்குறப்ப செகண்ட் கியருதான். பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் சரி.