பசுமைப் பகுதியாக்கப்பட்ட எங்கள் தெரு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வது என் வேலை. சான்றிதழ் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். ஒரு நாள் எங்கள் ஊராட்சித் தலைவர் கடைக்கு வந்தார்.

"இன்னாம்மா, நீ நல்லா எயுதுவியாமே! நம்மூர பத்தி ஒரு புக்கு போடறாங்க. சுத்திப் பாக்க வர்றவங்க, முதலீடு போட வர்றவங்க எல்லாருக்கும் குடுக்கணுமாம். நாலு பக்கம் எயுதிக் குடு."

ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையை மனை விற்கும் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது எனக்குத் தெரியும். புத்தகமும் அவர்கள் செலவுதான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் தலைவருக்கு எங்கள் காலனியில் இருக்கும் ஒருத்தியின் நினைவு வந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

வேலை முடிந்து வந்து, சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுதினேன். ஏரியை எழுதினேன், சிவன் கோயிலை எழுதினேன், நெல்லை எழுதினேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவையும் எழுதினேன். ஊரின் வயல்களில் நட்டதும் களை பறித்ததும் அறுத்ததும் இந்தத் தெருக்காரர்கள்தான், இங்கே ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு சின்ன சர்ச்சும் அடுத்தடுத்து இருக்கின்றன, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் எழுதினேன். என் அம்மா ஐம்பது வயதைத் தாண்டியும் நடவுக்குப் போகிறவள். அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"தண்ணி நிக்கறத எயுதனியா? அத்த நல்லா எயுது. அப்பவாச்சும் வந்து பாப்பானுங்க" என்றாள்.

புத்தகம் அச்சாகி வந்தது. வழவழப்பான தாள். முதல் பக்கத்தில், ஜனநாயகம் பிறந்த உத்திரமேரூர் மண்ணுக்கு மிக அருகில் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அங்கே இருக்கும் குடவோலைத் தேர்தல் கல்வெட்டின்படி, ஒருவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவதற்கே அவருக்குச் சொந்த நிலம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இன்றைக்கும் எந்த வீட்டுக்கும் ஒரு சென்ட் வயல் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தில் வரைபடம் இருந்தது. ஏரி இருந்தது, கோயில் இருந்தது, ஊர்த் தெருக்கள் பெயரோடு இருந்தன. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பச்சை வண்ணம் அடித்து, நடுவில் 'பசுமைப் பகுதி' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வீடுகள், சர்ச், மாரியம்மன், சுடுகாடு எல்லாவற்றின் மேலும் அந்தப் பச்சை. நான் எழுதியதில் ஏரியும் கோயிலும் மட்டும் அப்படியே இருந்தன. எங்களைப் பற்றிய வரிகளில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் எங்கள் பெண்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க நடவுப் படம். குனிந்திருக்கும் முதுகுகள் மட்டும் தெரிந்தன. கீழே, இயற்கையோடு இணைந்த வாழ்வு என்று போட்டிருந்தார்கள்.

அம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது என் முதுகுடி. கட்டம் போட்ட சட்ட பாரு. உங்க அப்பாவோடது. இத்த எப்ப புட்ச்சானுங்க?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகு வேண்டும், வீடு வேண்டாமா?

மறுநாள் காலையில் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.

"எங்க தெரு எங்க சார்?"

"அது கம்பெனிக்காரன் போட்ட படம்மா."

"நான் எழுதிக் கொடுத்தேனே?"

துணியை உதறிவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத. மனை வாங்க வர்றவன் மொதல்ல இன்னா கேக்கறான் தெரியுமா? பக்கத்துல எந்த ஜனம் கீதுன்னு கேக்கறான். நானா கேக்கறேன்? அவன் கேக்கறான். நா இன்னா பண்றது?"

"நீங்க எங்க ஓட்டையும் வாங்கித்தானே தலைவர் ஆனீங்க? இருக்கறவங்கள இருக்காங்கன்னு சொல்லுங்க" என்றேன். குரல் நடுங்கியது. அது எனக்கே பிடிக்கவில்லை.

அவர் முகம் சுளித்தபடி கம்பெனியின் விற்பனை மேலாளருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்த ஆள் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "கண்டிப்பா மேடம். அடுத்த பிரிண்ட்ல உங்க மக்களையும் சேர்த்துடறோம்" என்றார். நான் அதை நம்பினேன்.

அடுத்த அச்சு வந்தது. வரைபடத்தில் பச்சை அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'வசதிகள்' என்ற தலைப்பின் கீழ் எங்களைச் சேர்த்திருந்தார்கள். இனிப்பான நிலத்தடி நீர், மும்முனை மின்சாரம், அருகில் வங்கி. அதற்கடுத்து, தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பக்கத்திலேயே குறைந்த கூலிக்கு ஆட்கள் கிடைப்பார்கள்.

கடையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது காது சூடானது. கரண்ட், தண்ணீர், நாங்கள்! அன்றைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையே தப்பாக அடித்துவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஆட்கள் மனை பார்க்க வருவதாக இருந்தது. ஏரிக்கரை ஓரமாகச் சாமியானா போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு ஆரத்தி எடுக்கவும் மோர் கொடுக்கவும் எங்கள் தெருப் பெண்களைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் சர்ச் வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து அந்த வரியைப் படித்தேன்.

அம்மாதான் முதலில் கேட்டாள். "வூட்டு வேலைக்கு வர்றேன்னு நா எப்ப சொன்னேன்? கம்மி கூலிக்கு வர்றேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவனா எயுதிக்கினான்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"அப்ப நாளைக்கி ஆரத்தி கீரத்தி ஒண்ணும் கெடையாது. ஆனா போவோம். இன்னா சொல்றானுங்கன்னு கேப்போம்."

போனோம். சாமியானாவில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் வரிசையாக இருந்தன. வேன் இன்னும் வரவில்லை. அம்மா நேராக முதல் வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நடவுக்குப் போகிற அதே சட்டையோடுதான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மேலாளர் ஓடி வந்தார். நேரில் பார்த்தால் சின்ன வயது.

"அம்மா, இது கஸ்டமர் சீட். எழுந்திருங்க ப்ளீஸ்."

"ஊர பத்தி சொல்லப் போறியாமே நைனா. சொல்லு, நாங்களும் கேக்கறோம்" என்றாள் அம்மா.

அதற்குள் வேன் வந்துவிட்டது. இறங்கியவர்கள் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். மேலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஏரியைப் பார்த்தார். நான் எழுந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேலாளரிடம் நீட்டினேன்.

"இந்த வரியை இவங்க முன்னாடி படிங்க."

அவர் வாங்கவில்லை. நானே படித்தேன். படித்துவிட்டு, "அந்த ஆட்கள் இவங்கதான். வீடு, கோயில், சுடுகாடு எல்லாம் அதோ, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். புத்தகத்துல பசுமைப் பகுதின்னு போட்டிருக்கற இடம்" என்றேன். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வரைபடத்தையும் எங்கள் ஓட்டுக் கூரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது ரொம்பத் தப்புப்பா" என்று மேலாளரிடம் சொன்னார். பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் என் அருகில் வந்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "சுடுகாடு இங்கருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

மோர் அப்படியே இருந்தது. வேன் சீக்கிரமே கிளம்பிப் போனது. போன பிறகு தலைவர் என்னிடம், "ஊருக்கு வந்த சோத்துல மண்ணப் போட்டுட்ட" என்றார். யார் ஊர், யார் சோறு என்று கேட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. ஊராட்சி வேலைகளை வேறு கடைக்குக் கொண்டுபோகிறார்.

அந்தப் புத்தகத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகச் செல்போனில் ஒரு வீடியோ வருகிறது. மேலேயிருந்து எடுத்தது. ஏரி, கோபுரம், மனைக்கற்கள் எல்லாம் வரிசையாக வந்து, வாய்க்கால் வந்ததும் கேமரா திரும்பிக்கொள்கிறது. மே முதல் தேதி கிராமசபையில் எங்கள் தெருவுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று கேட்டோம். பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். பலகை இன்னும் வரவில்லை.

மனைகள் பாதிக்கு மேல் விற்றுவிட்டன. ஏரிக்குக் கீழே இந்த வருஷம் நடவு இல்லை. அந்த வயல்களில் வேலை செய்தவர்களுக்கு வேலையும் இல்லை. ஆடி முடிவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா மனைப்பிரிவில் மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அடுத்த வாரம் அம்மாவும் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அங்கியா போற?" என்றேன்.

"வேற எங்க போறது? நட்ட எடமெல்லாம் கல்லு நட்டுட்டானுங்க. ஆம்பளைக்கி குடுக்கற கூலி குடுத்தா வர்றோம்னு சொன்னோம். மொதல்ல முடியாதுன்னான். போனவளும் நின்னுட்டா, ஒருத்தியும் போவல. அப்பறம் சரின்னுட்டான்."

தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனாள். நான் உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அம்மா மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.