ஊர்ப் பருப்பு

என் கணவர் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டியில் துணிமணி கொஞ்சமாகத்தான் இருக்கும். மீதி முழுக்கத் துவரம் பருப்பு. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் பருப்பு மில் வைத்திருக்கும் அவருடைய சித்தப்பா மகன், அண்ணன் கிளம்புகிறார் என்றால் பையைக் கட்டி பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவான். ஷார்ஜாவில் எங்கள் பில்டிங்குக்குக் கீழேயே கடை. அங்கே பருப்பு குவிந்து கிடக்கிறது. சொன்னால் கேட்க மாட்டார். கடைப் பருப்பு வேகாதாம், வெந்தாலும் மணக்காதாம். பார்ப்பது ஏசி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலை. பேச்சைக் கேட்டால் சாம்பாருக்குச் சூப்பர்வைசர் என்று தோன்றும்.

இங்கே இருக்கிற தமிழர் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஒரு வீட்டில் புளி வரும், இன்னொரு வீட்டில் கருப்பட்டி வரும். ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிவிட்டால் சட்டையை எடுத்து வெளியே வைப்போமே தவிர, பருப்பில் கை வைக்க மாட்டோம்.

எனக்கு வேலை துபாயில், ஒரு சின்ன அலுவலகத்தில். ஆப்பிரிக்க நாடுகளின் விவசாயத் துறைகள், அங்குள்ள உழவர் சங்கங்கள், வளைகுடாவில் உணவுப் பொருள் வாங்கும் கம்பெனிகள் என்று மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஒப்பந்தம் எழுத வைப்பது எங்கள் பிழைப்பு. கல்யாணத் தரகு என்று என் கணவர் கேலி செய்வார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. கொள்கை அளவில் எல்லோரும் கைகுலுக்கிவிடுவார்கள். ஜாதகமெல்லாம் பொருந்திவிடும். கடைசியில் சீர்வரிசையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு முறை எங்கள் மேசைக்குத் துவரை வந்தது. மலாவி நாட்டில் துவரை நன்றாக விளைகிறது. விளைந்ததை முழுசாகவே மூட்டை கட்டி விற்றுவிடுகிறார்கள். உடைத்துப் பருப்பாக்கும் வேலையும் அதன் லாபமும் வேறு நாட்டுக்குப் போய்விடுகின்றன. அங்குள்ள பெண் விவசாயிகள் சங்கம் ஒன்று, தங்கள் மாவட்டத்திலேயே ஒரு பருப்பு மில் வேண்டும் என்று கேட்டது. அவர்களுடைய விவசாயத் துறையும் இடம், மின்சாரம் எல்லாம் தரத் தயார் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. அங்கே உடைத்த பருப்பை வாங்கிக்கொள்கிறேன் என்று இங்கே ஒரு கம்பெனி எழுதித் தர வேண்டும்.

எழுதித் தர வேண்டியவர் ஒரு பாலக்காட்டுக்காரர். வளைகுடா முழுக்க சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் பருப்பு சப்ளை செய்யும் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர். நல்ல மனிதர், ஆனால் வியாபாரத்தில் பிடி கொடுக்க மாட்டார். முழுத் துவரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கிறேன், பருப்பு மட்டும் வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணத்தை நான்தான் கூட்டக் குறிப்பில் எழுதினேன். இங்கே சாம்பார் வைக்கிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பி எந்த நாடு என்று பார்ப்பார்கள், தெரியாத ஊராக இருந்தால் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்.

சங்கத்தின் சார்பில் வந்திருந்த தலைவிக்கு என் வயதுதான் இருக்கும். கணீரென்ற குரல். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அப்படியே முடிந்துபோனது. திங்கட்கிழமை காலை கையெழுத்து, சாயங்காலம் அவருக்கு விமானம். லிஃப்டில் இறங்கும்போது, முழுத் துவரையை வீட்டில் வைத்தால் வண்டு விழுந்துவிடும், அதனால் அறுத்த கையோடு முதலில் வருகிற வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சொன்னார். பருப்பாக உடைத்துவிட்டால் காத்திருந்து விற்கலாம். இதற்காகத்தான் அவர்கள் மில் கேட்கிறார்கள்.

"மில் இல்லாமல் திரும்பிப் போனால் எங்கள் பெண்கள் என்னைத் திட்ட மாட்டார்கள். பரவாயில்லை என்று சொல்வார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது" என்றார்.

குறிப்பு எழுதுகிறவள் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்து விதி. அன்றைக்கு லிஃப்ட் தரைத்தளத்துக்கு வருவதற்குள் நான் முழுசாகச் சாய்ந்திருந்தேன்.

சனிக்கிழமை தலைவி ஓட்டலில் தனியாக உட்கார்ந்திருப்பாரே என்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அந்தப் பாலக்காட்டு ஆளையும் கூப்பிடு என்றார் என் கணவர். சாப்பிட்டுக்கொண்டே யாரும் முறைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் கட்சி. மேனேஜரின் குடும்பம் ஊரில் இருந்தது. சாம்பார் என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

இலைக்குத் தட்டுப்பாடு, அதனால் தட்டில்தான் பரிமாறினேன். சோறு, முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். தலைவி சாம்பாரைக் கரண்டியால் கிண்டிக் கிண்டிப் பார்த்தார். பிறகு, என் துவரை எங்கே என்று கேட்டார். அவர்கள் அதைப் பச்சையாக உரித்தோ, காய்ந்ததை முழுசாக அவித்தோ மக்காச்சோளக் களியோடு சாப்பிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து பயிர் செய்தவர், அது இப்படிக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று நினைத்திருக்கவில்லை. பருப்பு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். தோலை உரித்து, அலங்காரம் பண்ணிக் கல்யாணத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள் போல என்றார். எல்லோரும் சிரித்தோம். காரியம் நல்லபடியாகப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் வாயைத் திறந்தார்.

சாம்பாரின் பெருமையைத் தொடங்கிவிட்டார் மனிதர். இது கடைப் பருப்பு இல்லை, எங்கள் ஊர்ப் பருப்பு, செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்தது, எங்கள் மண்ணில் விளைந்தால்தான் இந்த மணம் வரும், வேறு எந்த நாட்டுப் பருப்புக்கும் இது வராது என்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் முழங்கினார். அவ்வளவு நல்ல ஆங்கிலம் அவருக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

மேனேஜர் அப்பளத்தைக் கீழே வைத்தார். பார்த்தீர்களா மேடம், நான் கூட்டத்தில் சொன்னதைத்தான் உங்கள் வீட்டுக்காரரும் சொல்கிறார் என்றார். அவர் குரலில் வெற்றிகூட இல்லை. உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னார். தலைவி குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் என் கணவரைப் பார்த்த பார்வையில் அவருக்குப் பாதி புரிந்தது. ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது, எதனால் என்று தெரியவில்லை. சமாளிக்கிறேன் பேர்வழி என்று போனை எடுத்து மில் வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மேனேஜர் சார் இந்தப் பருப்பையே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாமாம். அதுவும் எனக்கு உதவியாம்.

தம்பி மில்லில் இருந்தான். பின்னால் இரைச்சல் கேட்டது. என் கணவர் சத்தமாக, "ஏப்பா, எனக்குக் குடுத்து விட்டியே பருப்பு, அது எந்தக் காட்டுல வெளஞ்சது? நம்ம பக்கந்தான? இங்க ஒரு பெரிய பார்ட்டி கேக்காரு" என்றார்.

"நம்ம காட்டுலயா? நம்ம பக்கம் வெளையுறது வீட்டுச் செலவுக்கே காணாதுண்ணே. அது ஆப்பிரிக்காத் தொவரை. தூத்துக்குடி ஹார்பர்ல எறங்குது, நாங்க உடைக்கோம். கட்டுன செம்மண்ணு மட்டுந்தான் நம்மூரு."

என் கணவர் முகத்தில் அசடு வழிந்தது. ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டார். ரொம்ப வருசமாண்ணே, நீ கேக்கவே இல்லையே என்றான் தம்பி. மலாவியிலிருந்தும் வருமா என்று நான் குறுக்கே கேட்டேன். அந்தப் பேர் போட்ட சாக்கும் வரும், நல்லா வேகும் என்றான்.

பாலக்காட்டுக்காரருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வர, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். தலைவி என்ன என்ன என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். நான் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. சாம்பாரையே கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சிரித்தார். எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு சிரிப்பு.

நான் மேனேஜரிடம் எதுவும் வாதாடவில்லை. வாதாட வேண்டியதையெல்லாம் அருப்புக்கோட்டையிலிருந்து பேசி முடித்தாகிவிட்டது. அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, இத்தனை வருடமாக என் கஸ்டமரும் எந்த நாடு என்று தெரியாமல் இதைத்தான் தின்றுகொண்டிருக்கிறான் என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறியது. மில் ஓடத் தொடங்கும் முதல் பருவத்தில், அங்கே உடைத்த பருப்பைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். விற்றால் அடுத்த பருவமும் தொடரும். விற்றால் என்ற அந்தச் சொல்லை எடுக்க மேனேஜர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. தலைவி அந்த வரியை என்னை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது, பருப்பு கடைக்கு வந்ததும் அலமாரியில் இருக்கிறதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எங்கள் பெண்களுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

மில் வரத் தாமதமானது. மின்சாரக் கம்பிக்கு ஒரு மழைக்காலம் காத்திருந்தார்கள். அப்புறம் ஒருநாள் எங்கள் பில்டிங்குக்குக் கீழே இருக்கும் கடையிலேயே அந்தப் பருப்பு வந்து நின்றது. செய்தி கேட்டு நானும் என் கணவரும் இறங்கிப் போனோம். மஞ்சளாக, பளபளவென்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். போனை எடுத்தேன்.

அதற்குள் ஒரு பெண் எனக்கு முன்னால் கை நீட்டி ஒரு பாக்கெட்டை எடுத்தார். நம்ம ஊர்ப் பெண்தான், காதில் போனோடு பேசிய தமிழில் தெரிந்தது. பாக்கெட்டைத் திருப்பினார். நாட்டின் பெயரை வாசித்தார். திரும்ப வைத்துவிட்டார்.

மேனேஜர் சொன்னது அப்படியே கண் முன்னால் நடந்தது. விற்றால் என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது.

"எடுங்கம்மா, பஞ்சாட்டம் வேகும். எங்க வீட்டுல வருசக்கணக்கா இதத்தான் சாப்பிடுறோம்" என்றார் என் கணவர்.

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் சாம்பார் சாப்பிட்டவனின் நம்பிக்கை தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாக்கெட்டைக் கூடையில் போட்டார். யோசித்துவிட்டு இன்னொன்றும் போட்டுக்கொண்டு போனார்.

நான் அலமாரியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். முன் வரிசையில் இரண்டு பாக்கெட்டுக்கான இடம் காலியாக இருந்தது. மலாவியிலிருந்து உடனே பதில் வந்தது. அந்த இடத்தில் ஏன் ஒன்றும் இல்லை என்று தலைவி கேட்டிருந்தார்.

வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதினேன்.