ஒற்றை டிக்

பதினோரு வருடமாக அவன் லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போது போன் பேசக்கூடாது என்பது கம்பெனி விதி. அவனுக்கு அது இடைஞ்சலாக இருந்ததில்லை. மனைவிக்குக் காது கேட்காது. வெளியே இருந்தால் அவளோடு எல்லாம் மெசேஜில்தான்.

முந்தின நாள் அவனுடைய போன் ஆறாவது மாடியிலிருந்து குழிக்குள் விழுந்து சிதறியது. சிம்மை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு பழைய பட்டன் போனில் போட்டான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒன்பதாவது மாதம். இந்த நேரத்திலா என்று கையால் கேட்டாள்.

காலை எட்டரைக்கு "சாப்டியா?" என்று அனுப்பினான். பதில் இல்லை. ஒன்பதுக்கு "கோவமா?" என்று அனுப்பினான். இறுக்கிய போல்ட்டையே மறுபடி இறுக்கினான். பையிலிருந்து போனை எடுத்தான், வைத்தான், எடுத்தான்.

"என்னடா, அதையே தடவிக்கிட்டிருக்க? முட்டை போடுமா?" என்றான் கூட வேலை பார்க்கும் நெட்டை.

"அவ பதில் போடல."

"போனை உடைச்சவனைக் கொஞ்சுவாங்களா?"

பத்து மணிக்கு "சரி, பேசாத" என்று அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கோபம் வந்தால் அவள் நீளமாகப் பதில் போடுகிறவள்.

அதை நெட்டையிடம் சொன்னான்.

"உடைஞ்ச போன்ல நெட்ல போற அந்தப் புது சாட் மெசேஜ் வச்சிருந்தியே, உன் நம்பரை அதுலேருந்து எடுத்தியா?"

"எதுலேருந்து?"

"போச்சு போ. போன்தான் செத்துச்சு, நம்பர் அதுல உசுரோட இருக்கு. நீ அனுப்புறது சாதா மெசேஜா போயிடும். அவ அனுப்புறது உடைஞ்ச போனைத் தேடிப் போகும். இந்தா, என் போன்லேருந்து கேளு..."

அவன் ஏற்கனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசற்படியில், மடியில் பையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. படித்துவிட்டு ஏன் வரவில்லை என்று கை கேட்டது.

ஆட்டோவில் தன் போனை அவனிடம் நீட்டினாள்.

"சாப்டேன். வலி மாதிரி இருக்கு."

கீழே அவனுடைய "கோவமா?"

"இல்ல. வலி. 14 நிமிஷத்துக்கு ஒண்ணு. கிளம்பு."

"சரி, பேசாத."

"இப்ப 9 நிமிஷம். எங்க இருக்க?"

அவள் அனுப்பிய எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். அவனுடைய மெசேஜ்கள் வந்துகொண்டிருந்ததால், படிக்கிறான், வந்துவிடுவான் என்று பக்கத்து வீட்டைக்கூடத் தட்டாமல் இருந்திருக்கிறாள்.

அவன் பட்டன் போனைக் கொடுத்தான். அவள் வந்த மெசேஜ்களைத் தேடினாள். ஒன்றும் இல்லை. நம்பாமல் தன் போனிலிருந்து இன்னொன்று அனுப்பினாள். இருவரும் பட்டன் போனையே பார்த்திருந்தார்கள். வண்டிதான் குலுங்கியது.

அவள் கண்களை இறுக மூடினாள். வலி போனதும் கிரீஸ் படிந்த அவன் கையை இழுத்து, உள்ளங்கையில் நகத்தால் 6 என்று எழுதினாள்.

"ரொம்ப அவசரமா சார்?" என்றார் டிரைவர்.

"ஆறு நிமிஷத்துக்கு ஒண்ணு."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். அவன் கையை மடக்காமல் அவள் பக்கம் நீட்டியே வைத்திருந்தான்.