முந்நூறு பேர் கடக்க வேண்டிய சாலை

அவருடைய வலது கட்டைவிரல் இருபத்திரண்டு வருடமாக அரசுப் பணியில் இருக்கிறது. மற்ற ஒன்பது விரல்களும் அதற்கு உதவியாளர்கள். சாலைத் துறையில் எண்ணிக்கையாளர் அவர். ஆள் ஒருவர் சாலையைக் கடந்தால் கைக்குள் இருக்கும் சின்னக் கருவியை ஒருமுறை அமுக்க வேண்டும். அது டிக் என்னும். தெருவில் அவருக்குப் பெயரே டிக்டிக். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கட்டைவிரல் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும்.

இவர்கள் தெரு முடிகிற இடத்தில் ஆறு வண்டித்தடம் உள்ள சாலை. எதிர்ப்பக்கம் தையல் கம்பெனி. மனைவிக்கு அங்கேதான் வேலை. முழங்கால் தேய்ந்துபோன அந்த அம்மாள் தினம் இரண்டு தரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார். சிக்னல் கேட்டு எழுதிய மனுக்களுக்கு மூன்றாம் வருடம் பதில் வந்தது: காலை ஏழு முதல் மாலை ஏழு வரை முந்நூறு பேர் கடந்தால் பரிசீலிக்கப்படும்.

எண்ணுவதற்கு இவரையே அனுப்பினார்கள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது ரெண்டு கூட அமுக்குங்களேன். விரல் என்ன தேஞ்சா போயிடும்?" என்றார் மனைவி.

"உன் முழங்கால் மாதிரி இல்லம்மா, என் விரலுக்கு மனசாட்சி இருக்கு."

சாலையோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கடப்பவர்கள் குறைவு. காரணம் எளிது: சாலையைப் பார்த்து மிரண்டவர்கள் ஒரு மைல் தள்ளியிருக்கும் பாலத்தைச் சுற்றிப் போனார்கள். பயந்தவர்களுக்குப் படிவத்தில் பத்தி கிடையாது.

மாலை ஆறரைக்கு மனைவி வேலை முடிந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். டிக்.

"எவ்வளவு ஆச்சு?"

"பணி நேரத்துல தகவல் சொல்லக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்பது குறையுது."

"ஒரே ஆளு திரும்பத் திரும்பப் போனா?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான். விதி அப்படி."

அம்மாள் பையை ஸ்டூலுக்கடியில் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். போனார், டிக். வந்தார், டிக். லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினார். சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார், வீட்டுக்காரர் ஸ்டூலில் இருந்தார்.

ஒன்பதாவது முறை முடிந்தபோது மணி ஏழு. முந்நூறு. ஆனால் ஒன்பது ஒற்றைப்படை என்பதால் அம்மாள் எதிர்ப்பக்கத்தில் மாட்டிக்கொண்டார். அவரை அழைத்துவரக் கணவர் போனார். அந்தக் கடப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் சூப்பிரண்டு படிவத்தைப் புரட்டினார்.

"முந்நூறு. பலே! எத்தனை பேர் அடிபட்டாங்க?"

"யாரும் இல்ல சார்."

"அப்ப எல்லாரும் பத்திரமா கடக்குறாங்க. சிக்னல் எதுக்கு?"

"முந்நூறுக்குக் குறைஞ்சிருந்தா சார்?"

"கடக்கவே ஆளில்ல, எதுக்குன்னு எழுதியிருப்பேன்." ஒளிவுமறைவில்லாத மனிதர்.

வீட்டில் அம்மாள் வீங்கிய முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை பேரு அடிபடணுமாம்?"

"வருஷத்துக்கு மூணு."

"காயம்பட்டா போதுமா?"

"அதுக்கு வேற படிவம்மா."

அம்மாள் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். தையல் கம்பெனியில் கால்வலிக்கு விடுப்பு கிடையாது.

காலையில் நொண்டிக்கொண்டே சாலைக்கு வந்தார். துணைக்கு வந்த கணவர் ஓரத்தில் நின்றார்; கருவியை அலுவலகத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினார். வெறும் கையில் கட்டைவிரல் தூக்கியபடி நின்றது, எந்தப் பத்தியில் அமுக்குவது என்று தெரியாமல்.