ரெண்டு முடக்கு

வறுத்த கோப்பிக் கொட்டை இரண்டை வாயில் போட்டு மென்றபடி வீரய்யா ஆட்டோவின் பின்சீட்டைத் துடைக்கிறார். நேற்று மாலைக்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் இந்த மலையில் பனிமூட்டம் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது. துணியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. “டீ குடிச்சா அரை மணி நேரந்தான் சார் தாங்கும். இது மத்தியானம் வரைக்கும் கண்ணத் தொறந்து வைக்கும்,” என்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி வைத்திருக்கிறார். பற்கள் கறுத்துவிட்டன. கண்கள் என்னவோ பாதிதான் திறந்திருக்கின்றன.

வயது நாற்பத்தாறு, பார்த்தால் பத்து வருடம் கூடச் சொல்லலாம். யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப் போன பச்சை ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறார். அது அவருக்கு இரண்டு அளவு பெரியது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டும் விரல் நுனி மட்டுமே வெளியே தெரிகிறது.

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதையில் பிரிந்து மேலே ஏறினால் வரும் சின்ன டவுன் அவருடையது. கோயில் ஒன்று, பள்ளிவாசல் ஒன்று, பதினைந்து கடைகள், பஸ் திரும்புவதற்கு ஒரு வட்டம். அதோடு டவுன் முடிந்துவிடும். சுற்றிலும் தேயிலை. சில வருடங்களாக நிழல்மரங்களின் கீழே மறுபடியும் கோப்பி வைக்கிறார்கள். பழைய துரை பங்களா ஒன்று ஹோட்டலாகிவிட்டது. கோப்பிப் பழத்தைத் தங்கள் கையால் பறித்துப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதைப் பற்றி எழுதத்தான் ஜனவரியில் நானும் போயிருந்தேன்.

முதல் நாள் காலை ஹோட்டல் மேலாளர் எனக்கு ஒரு புத்தி சொன்னார். “கேட்டுக்கு வெளிய பச்சை ஜாக்கெட் போட்ட ஒருத்தர் நிப்பார். அவரோட மட்டும் போகாதீங்க. பாதி வழியில இறக்கி விட்டுடுவார்.”

ஹோட்டல் அனுமதித்த ஆட்டோக்கள் நான்கு வளவுக்குள் வரிசையாக நின்றன. நான் அவற்றைத் தாண்டி கேட்டுக்கு வெளியே போனேன்.

“நீங்கள் ஆட்களைப் பாதி வழியில் இறக்கிவிடுவீர்கள் என்கிறார்களே?”

“ஆமா சார். ஒருக்கா எறக்கி விட்டிருக்கேன்,” என்றார் வீரய்யா. “ஏறுங்க.”

இரண்டு நாள் அவருடனேயே சுற்றினேன். பயணிகளிடம் அதிகம் பேசமாட்டார். மேகம் விலகி மலை தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கைபேசி அடித்தால் அவர் ‘ஹலோ’ சொல்வதில்லை. “எந்த லயம்?” என்றுதான் கேட்கிறார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் சுவர்களில் அவருடைய இலக்கத்தை யாரோ நீலப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தோட்டத்து அம்புலன்ஸ் சக்கரமில்லாமல் கராஜில் நிற்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. ஏழு டிவிசன்களிலும் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாரைக் குளவி கொட்டினாலும், போன் இவருக்குத்தான் வருகிறது.

அவருடைய மனைவி அழகம்மா கொழுந்து பறிக்கிறார். “இவரு தூங்கி நான் பாத்ததில்லீங்க,” என்றார். “கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பாரு. அவ்வளவுதான். முன்னெல்லாம் படுத்த ஒடனே கொறட்ட விடுவாரு. போன சித்திரைக்குப் பொறகு இப்பிடி.”

போன சித்திரையில் என்ன நடந்தது என்பதைத் தேநீர்க்கடை செல்லசாமி சொன்னார். ஹோட்டலிலிருந்து இரண்டு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வீரய்யா ஹட்டன் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை ஒட்டிப் பாதை வளையும் முடக்கில், பிரசவ வலி வந்த ஒரு பெண்ணைக் கம்பளியில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீரய்யா பயணிகளையும் பைகளையும் பாதையோரத்தில் இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பயணிகள் நடந்தே இறங்கினார்கள். ரயில் போய்விட்டது. அவர்கள் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினார்கள். அன்றிலிருந்து ஹோட்டல் கேட் அவருக்குத் திறப்பதில்லை.

“ஒரு உசுரக் காப்பாத்தினதுக்குக் கெடச்ச பரிசுங்க,” என்று செல்லசாமி கிளாஸைக் கழுவி வைத்தார். “தாய காப்பாத்தியாச்சு. புள்ளதான் தங்கல.”

ஆக, ஹோட்டலில் ஒரு கதை இருந்தது. டவுனில் ஒரு கதை இருந்தது. மூன்றாவதை வீரய்யாவே சொன்னார், இரண்டாம் நாள் பின்னேரம், அந்தப் பிள்ளைக்காம்பராவைத் தாண்டிக் கீழே வந்தபோது. நான் கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் ஒரு முடக்கில் ஓரங்கட்டி நின்றோம்.

“இந்த எடத்துலதான் அவங்கள எறக்கினேன். அவங்க மேல தப்பில்ல சார். வெளக்கிச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரல. ‘சாரி, கெட் டவுன், கெட் டவுன்’னு மட்டுந்தான் சொன்னேன். அவங்களுக்கு என்னா வெளங்கும்?”

பிறகு மேலே கையைக் காட்டினார்.

“பிள்ளைக்காம்பரா அங்க இருக்கு. பாத்தீங்களா? இங்கருந்து ரெண்டு முடக்கு மேல.”

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கம்பளியைத் தூக்கி வந்தவர்கள் கைகாட்டியது மேலே. அவர் வண்டியை நிறுத்தியது கீழே.

“மொதல்ல நான் நிக்கல சார். கம்பளியப் பாத்தேன். அது கிருஷாந்தின்னும் தெரிஞ்சுச்சு. பின்னுக்கு ரெண்டு பேரு, ரயிலுக்கு நேரமாச்சு, ஹோட்டல்ல ஏசுவாங்க. வேற வண்டி வரும்னு நெனச்சேன். வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நெனச்சேன். ரெண்டு முடக்கு வந்த பொறகுதான் திருப்பினேன்.”

மழை தார்ப்பாயில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து, மெல்லாமல் விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள வண்டியிலயே பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. அழல.”

சற்று முன்னதாகப் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன்.

“கேட்டா பதில் சொல்லிருவாங்கள்ல சார்.”

“அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா?”

“சொன்னா யாருக்கு லேசாகும்? எனக்குத்தான். அவளுக்கு எதுக்கு இன்னொரு பாரம்?” என்றார். “டவுன்ல எல்லாரும் நல்லவன் நல்லவன்ங்குறாங்க. அதக் கேட்டுக்கிட்டு நிக்கிறதுதான் சார் முடியல. ஒடம்பு வலிக்குது.”

மறுநாள் நான் ரயிலுக்குக் கிளம்பியபோது, “ஒரு பிள்ளையும் வரும் சார். கிளினிக் நாளு. உங்களுக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டார். பிள்ளைக்காம்பரா முடக்கில் இருபத்துநான்கு வயதிருக்கும் ஒரு பெண், மஞ்சள் ஸ்வெட்டரும் கையில் கிளினிக் புத்தகமுமாக நின்றாள். ஐந்து மாதம் இருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து, “கிருஷாந்தி,” என்று தன் பெயரைச் சொன்னாள். கோப்பிப் பழம் பறிக்கப் போவதாகவும், இப்போது வயிறு தெரியத் தொடங்கியதால் சரிவான பக்கத்தை அவளுக்குக் கொடுப்பதில்லை என்றும் சொன்னாள். வீரய்யாவின் தலைக்கு மேல் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடி, கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கழுத்தைச் சற்று வலப்பக்கம் சாய்த்து, பின்னால் யாருமே இல்லாததுபோல ஓட்டினார். அந்த முக்கால் மணி நேரமும் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கிளினிக் வாசலில் அவள் மெதுவாக இறங்கினாள். உள்ளே போகாமல், சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க.”

வீரய்யா கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாசாமாசம் கூட்டிக்கிட்டு வாறீங்க. மூஞ்சிய மட்டும் திருப்பிக்கிறீங்க. அன்னைக்கு நீங்க மொதல்ல நிக்காமப் போனது எனக்குத் தெரியும். நான் கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் கெடந்தேன். எங்க வீட்டுக்காரரு உங்க வண்டி நம்பரச் சொல்லிச் சொல்லி ஏசினாரு.”

அவர் எஞ்சினை அணைத்தார்.

“எனக்கும் கோவந்தான். ரொம்ப நாளா இருந்துச்சு. இப்பவும் இல்லன்னு சொல்ல மாட்டேன்,” என்றாள் கிருஷாந்தி. “ஆனா திரும்பி வந்தீங்க. அதையும் நான் பாத்தேன். அந்த ரோட்டுல அன்னைக்கு வேற யாரும் வரல.”

பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் ஓரமாக ஒதுங்கினாள்.

“ரெண்டு மணிக்கு முடிஞ்சிரும். வந்துருங்க. சாரையும் ஒழுங்கா ஏத்தி விடுங்க.”

“சரி தங்கச்சி,” என்றார் வீரய்யா. அவள் படியேறிக் கதவுக்குள் போகும்வரை நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று சிங்களத்தில் அறிவித்தார்கள். நீங்கள் போய் வேறு ஆட்களை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். “இல்ல சார், வரட்டும்,” என்று சொல்லி, மதில் ஓரம் சமதரையாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீரய்யா தூங்கிவிட்டிருந்தார். தலை பின்னால் சாய்ந்து, கறுத்த பற்கள் தெரிய வாய் திறந்திருந்தது. ஜாக்கெட்டின் மடிப்பு அவிழ்ந்து இரண்டு கைகளையும் மூடியிருந்தது. குறட்டை பாதை வரை கேட்டது. கொண்டுவந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அருகே நின்றேன். எஞ்சின் ஓயாத வண்டியில் இருப்பவர்போல அவருடைய வலது கால் மட்டும் தூக்கத்திலேயே மெல்ல முன்னே நகர்ந்து, பிரேக்கை அடிவரைக்கும் மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.