உப்பைத் திருத்திய டீச்சர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தலைப் பார்த்தால் அந்த நோட்டு பறக்கும். மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் பெண்கள் பள்ளியில் இதற்குப் பெயர் ஒழுங்கு.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. ஊசலை ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கம் எட்டரை என்று வந்தால், "இன்னொரு தடவை பாரும்மா" என்போம். மறுபடி ஆட்டு என்று அதற்கு அர்த்தமில்லை. புத்தகத்தில் இருக்கும் ஒன்பது புள்ளி எட்டை எழுது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கும் தெரியும். நானும் அப்படி எழுதித்தான் பாஸானேன்.

அடையாறு பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று பள்ளிகளோடு சேர்ந்து நிலத்தடி நீரை ஆராயக் கிளம்பியது. தண்ணீரில் உப்பு அளக்கும் மீட்டர்கள் நான்கை எங்களுக்குத் தந்தார்கள். வாராவாரம் பிள்ளைகள் தங்கள் வீட்டு போர் தண்ணீரை அளக்க வேண்டும். சாந்தோம் குப்பத்திலிருந்து வரும் ஒருத்தியின் நோட்டில் உப்பின் அளவு ஒரு வாரம் ஆயிரம், மறுவாரம் இரண்டாயிரத்துச் சொச்சம், அப்புறம் மறுபடி ஆயிரம்.

"தண்ணி அளந்தியா, தாயம் உருட்டினியா?"

"இல்ல மிஸ், லாரி வராத நாள்ல..."

"லாரியும் வேணாம், பஸ்ஸும் வேணாம். சுமாரா ஆயிரம்னு போட்டு நீட்டா எழுதிக் குடு."

கொடுத்தாள். வகுப்பே அப்படித்தான் கொடுத்தது.

நோட்டுகளைப் பார்க்க வந்த பல்கலைக்கழகப் பேராசிரியைக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பக்கங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "கடலோர போர்ல எட்டு வாரமும் ஒரே ரீடிங்கா மேடம்? மறுபடி எடுங்க. இதே மாதிரி வந்தா மீட்டரை வேற ஸ்கூலுக்குக் குடுத்துடுவோம்."

"பிள்ளைங்க அவசரத்துல எழுதியிருப்பாங்க" என்றேன், வாய் கூசாமல். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வகுப்புக்குப் போய், "வர்றதை வர்ற மாதிரியே எழுதுங்க, அடிச்சாலும் பரவாயில்ல" என்றேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள். ஆனால் எழுதினார்கள்.

எட்டு வாரம் கழித்து, மீட்டர்களையும் கையோடு கொண்டுவரச் சொல்லி எங்களை அடையாறுக்கு அழைத்தார்கள். பல்கலைக்கழக அரங்கில் எங்கள் சார்பில் அந்தக் குப்பத்துப் பெண்தான் பேசினாள். என்னை விட்டால் நானே பேசியிருப்பேன், பேராசிரியை விடவில்லை.

"லாரித் தண்ணி வராத நாள்ல எங்க ஏரியால எல்லாரும் மோட்டார் போட்டுக்கினே இருப்பாங்க மேடம். அன்னிக்குத்தான் உப்பு ஏறுது."

பேராசிரியை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அருமைம்மா! இதை எப்போ கவனிச்சே?"

"மொதல் தடவையே தெரியும் மேடம். மிஸ்தான் தப்புன்னாங்க."

அரங்கமே என் பக்கம் திரும்பியது. நான் பழியைப் பிள்ளைகள் மேல் போட்டது இதோ வெளியே வந்துவிட்டது. மீட்டர் போகும், மானமும் கூடவே போகும். போகட்டும் என்று எழுந்தேன்.

"ஆமா, நான்தான் மாத்தச் சொன்னேன். பிள்ளைங்க மேல தப்பே இல்ல. அவ அளந்ததுதான் சரி. எங்க லேப்ல என்ன வழக்கம்னா..."

"மிஸ், உக்காருங்க" என்றாள் அவள் மேடையிலிருந்து. "மூணாவது வாரம் இன்னும் சொல்லல."

உட்கார்ந்தேன். அன்று மாலை நான்கு மீட்டர்களும் எங்கள் ஆட்டோவிலேயே திரும்பி வந்தன, அவள் மடியில்.