எட்டே நாளில் லாரி ஏறிய மூடிகள்

சாக்கடை மூடி செய்கிறவனை, மூடி உடைந்த அன்றைக்குத்தான் ஊர் நினைக்கும். கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டோரம் எனக்கு மூடி வார்க்கிற பட்டறை. ரோட்டில் மூடியைக் கண்டால் உங்களுக்கு வருகிற பயம் எனக்கும் வரும். செய்கிறவனுக்கே அப்படியென்றால் பாருங்கள்.

இரும்பு வேணாம்

ஆரம்பத்தில் இரும்பு மூடிகளை வெளியூரிலிருந்து வாங்கி விற்றேன். மணலூர்பேட்டை கல்யாண மண்டபக்காரர் வாசலுக்கு நான்கு வாங்கிப் போனார். ஒரே மாதத்தில் நான்கும் திருட்டுப் போய்விட்டன. திரும்பவும் வந்து நின்றார். "வேற இரும்பு மூடி தரட்டுமா?" என்றேன்.

"இரும்பு வேணாம் பாய். எவனும் தூக்கினு போவாத மாதிரி எதுனா குடு."

அப்படித்தான் சிமெண்டுக்கு மாறினேன்.

பச்சை மூடி

வார்த்த மூடி மூன்று வாரமாவது தொட்டித் தண்ணீரில் ஊறினால்தான் கெட்டிப்படும். அதைப் பார்த்துக்கொள்பவர் சடையன். கல்வராயன் மலைக்காரர், என் வயதுதான்.

போன வருஷம் ஒரு கான்ட்ராக்டர் அவசரமாக வந்தார். புதுக் கால்வாய்க்குத் திறப்பு விழாவாம், அறுபது மூடி உடனே வேண்டுமாம். தொட்டியில் கிடந்தவை எட்டு நாள் மூடிகள். "இன்னும் பச்சையா கீதுங்க" என்றார் சடையன். கான்ட்ராக்டர் என் முகத்தைப் பார்த்தார். முடியாது என்று சொன்னால் இனி ஆர்டரே தரமாட்டாரோ என்ற பயம் எனக்கு. "ஏத்துங்க" என்று சொல்லிவிட்டேன்.

கடைசி மூடியை ஏற்றிவிட்டுச் சடையன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏத்திட்டங்க. ஆனா அந்தத் தெருவுல நான் நடக்க மாட்டங்க."

பூக்காரம்மா

இரண்டே மாதத்தில் அதில் ஒரு மூடி உடைந்தது. பூக்கூடையோடு ஓர் அம்மா உள்ளே விழுந்து கால் முறிந்தது. ஓடிப்போய் உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் என் பட்டறை முத்திரை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பு வரை மாவுக்கட்டு. பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மூடி நான் செஞ்சதுமா. சரியா ஊறாததத் தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஃபேனைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் கீழ பாத்துக்கினுதான் வந்தேன் பாய். புது மூடியாச்சேன்னுதான் நம்பி கால வச்சேன்."

மிச்சம் ஐம்பத்தொன்பதையும் மாற்றிப் போட்டேன், கான்ட்ராக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். நான் எதற்குப் பயந்தேனோ அதுவேதான் நடந்தது, என்ன, ஒரு கால் முறிந்த பிறகு நடந்தது.